சிவப்புக் குஞ்சம், வெள்ளைக் கவுன்

போன மாதம் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெண்களுக்கு நகை செய்யப் பழக்குகிறோம், நீங்கள்தான் வந்து விளக்கேற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். பெல்மதுளைச் சந்தியில் இரண்டு மாடிக் கடை வைத்திருப்பவளைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? விளக்கை ஏற்றிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை சுவரில் படம் காட்டி, பூத்தையல் நூலை இப்படிச் சுற்ற வேண்டும், இப்படி வெட்ட வேண்டும், இதுதான் காதுக்கு, இதுதான் கழுத்துக்கு என்று பாடம் எடுத்தது. ‘டாஸல், டாஸல்’ என்று மூச்சுக்கு மூச்சு சொன்னதே தவிர, குஞ்சம் என்ற சொல் அதன் வாயில் ஒருமுறையும் வரவில்லை. குஞ்சம் என்றால் நாக்கு வெந்துவிடுமா? பிறந்ததிலிருந்து பின்னலில் குஞ்சம் ஆட்டி வளர்ந்த நம் பெண்டுகளும், ஏதோ ஆகாயத்திலிருந்து இறங்கிய வித்தையைப் பார்ப்பதுபோல வாயைத் திறந்துகொண்டு தலையாட்டினார்கள்.

பாடம் முடிந்ததும் மேசையில் கிடந்த சிவப்பு நூலில் ஓர் இழையை எடுத்தேன். எச்சில் தொட்டு என் கைக்குட்டையில் தேய்த்தேன். ரோஜா நிறத்தில் கோடு விழுந்தது.

“இந்த நூலை யாருக்கும் குடுக்காத, புள்ள,” என்றேன்.

“ஏன் ஆன்ட்டி? சாயம் போகாதுன்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கே.”

“பாக்கெட்டா மழையில நனையப்போகுது?”

அது சிரித்தது. சிரிக்கட்டும். மழையென்றால் என்னவென்று கொழும்புக்காரிக்கு என்ன தெரியும்? எங்கள் இரத்தினபுரிப் பக்கத்து மழை வேறு சாதி. அதுவும் சிவப்பு நூலும் சேர்ந்து எனக்குச் செய்ததை, என் வயதுக்காரிகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் சிலர் அன்றைக்குக் குலவை போட்டவர்களின் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துப் பிழை இருந்தால் அச்சடித்தவனைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டம் பெல்மதுளைக்கு மேலே. மேல்கணக்கு தேயிலை, கீழ்க்கணக்கு ரப்பர். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். எனக்குக் காது குத்தியிருந்ததே தவிர, போடத் தோடு கிடையாது. துளை மூடிக்கொள்ளாமல் இருக்க விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தார்கள். அதையும் ஒரு நகையாக எண்ணித் தலையை ஆட்டி ஆட்டி நடந்த பெண்களை எனக்குத் தெரியும். நான் அப்படி நடக்கவில்லை. ஈர்க்கு ஈர்க்குதான்.

கங்காணியின் மகளுக்கு மட்டும் கொழும்பிலிருந்து குஞ்சத் தோடு வந்திருந்தது. பச்சை நூலில் இரண்டு குஞ்சம், மேலே பொன் நிறத்தில் கட்டு. மாரியம்மன் கோயில் பஜனையில் அவளுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள், நான் அந்தக் குஞ்சத்தைக் கண்ணாலேயே பிரித்து, கண்ணாலேயே திரும்பக் கட்டினேன். பஜனை முடிவதற்குள் வித்தை எனக்கு வந்துவிட்டது. அவளுக்கு அதைத் தொங்கவிட மட்டும்தான் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் பட்டியலில் என் தாய்மாமன் பேர் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், காலையில் அடுப்பு எரிந்த ஒற்றை அறைக் காம்பராவில் மாலையில் கோழிதான் உட்கார்ந்திருக்கும். மாமாவுக்கு, நாங்கள் இருந்த அதே லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா. அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். பொங்கலுக்கு முன்னால் கப்பல் என்றார்கள்.

“போறதுக்கு முன்னாடி ஒனக்கு என்ன வேணும், மருமகளே?” என்று கேட்டார்.

“பூத்தையல் நூல். செவப்பு.”

“நூலா? ஒரு கவுனு, ஒரு வளவின்னு கேப்பியா, நூலு கேக்குற?”

“நூலு இருந்தா மத்ததெல்லாம் நானே செஞ்சுக்குவேன்.”

அந்த வயதிலேயே எனக்கு இருந்த தெளிவு இது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

மாமா டவுனுக்குப் போய்க் கொட்டும் மழையில் திரும்பி வந்தார். வெள்ளைச் சட்டைப் பை முழுவதும் சிவப்பு. அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“என்னங்க இது? வெத்தலைய வெளிய துப்ப எடமில்லாம பையிலேயே துப்பிட்டீங்களா?”

“நூலுடி. கடை முதலாளி அப்பவே சொன்னான், ‘பாட்ட யனவா, நனைக்க வேணாம்’னு. நான்தான் கேக்கல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கண்ணு, சாயம் போகுமாம். பாத்து வச்சுக்க.”

இந்தச் சட்டைப் பையையும் இந்தப் பேச்சையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்தார்கள்.

தீப்பெட்டியின் நீளப்பக்கத்தில் நூலைச் சுற்றினேன். நூல் மெத்தென்று ஏறும்வரை சுற்றி, மேல்பக்கம் ஓர் இழையை நுழைத்து இறுக்கி முடிந்தேன். அப்பா சவரம் செய்து தூக்கிப்போட்ட பிளேடால் அடிப்பக்கத்தை ஒரே இழுப்பில் வெட்டினேன். தலைக்குக் கீழே கழுத்துக் கட்டு. அந்தக் கட்டில் முடிச்சு வெளியே தெரிந்தால் அது குஞ்சமில்லை, விளக்குமாறு. கொதிக்கும் கேத்தலின் ஆவியில் காட்டி, பேன்சீப்பால் வாரினால் நூல் பட்டுபோல இறங்கும். தொங்கவிட, ஃபேக்டரிக்குப் பின்னால் கிடந்த செம்புக் கம்பித் துண்டு. கொழும்புப் பெண்பிள்ளை படம் போட்டு அரைநாள் சொன்னதை நான் ஐந்து வரியில் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

அம்மா பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் போடக் கூடாது,” என்றார். அவ்வளவுதான். நன்றாயிருக்கிறது என்று சொன்னால் பிள்ளை கெட்டுப்போகும் என்று அந்தக் காலத்து அம்மாமார் எல்லோருக்கும் ஒரு பயம்.

பள்ளிக்கூடம் என்று அம்மா சொன்னது டவுன் பள்ளிக்கூடத்தை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒரே வாத்தியார், ஒரே கரும்பலகை. அவர் பாதி நாள் தூங்குவார், மீதி நாள் கங்காணி வீட்டுத் தோட்டத்துக்குப் பாத்தி கட்ட எங்களை அனுப்புவார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம், ஒரு நாள் விழித்திருந்தபோது அப்பாவைக் கூப்பிட்டு, “இந்தப் புள்ளைக்கு மண்டை இருக்கு, டவுன்ல சேருங்க,” என்று சொன்னது. அப்பா தலையை ஆட்டினார். அப்பா தலையாட்டினால் அது நடக்கும் என்பது எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அம்மா வெள்ளைத் துணி வாங்கித் தன் கையால் கவுன் தைத்தார். இடுப்பில் நாடா, பின்னால் பூமுடிச்சு. அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது நான் இனிக் கூடை தூக்கமாட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

மழை நாளில் பால் வெட்டு இல்லை. மரம் நனைந்தால் பால் வழிந்து வீணாகும். ஆகவே நல்ல மழை பெய்யும் நாளில்தான் அப்பாவால் என்னை டவுனுக்குக் கூட்டிப்போக முடியும். வேறு ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நல்ல நாள் பார்ப்பார்கள். நாங்கள் மழைக்காகப் பார்த்திருந்தோம்.

மழை வந்தது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். குஞ்சத்தைக் காதில் போடக் கூடாது என்றுதான் அம்மா சொன்னார், கொண்டுபோகக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் இரண்டையும் கவுனின் பூமுடிச்சுக்குள் செருகிக்கொண்டேன். சேர்த்துக்கொண்ட பிறகு, பெயர் பதிந்த பிறகு, திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். குறுக்குப்பாதையில் கால் வழுக்கி வடிகானுக்குள் உட்கார்ந்தேன். கான் நிறையத் தண்ணீர். எழுந்து, சேறு ஒட்டவில்லை என்று முன்பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நடந்தேன். பின்பக்கத்துக்கு எனக்கு ஏது கண்?

மலையில் பெண்கள் இடுப்பில் படங்குச் சீலை கட்டிக்கொண்டு மழையிலும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணியம்மா மேல்நிரையில். அவர்தான் முதலில் பார்த்தார்.

“ஏ, அந்தப் புள்ளைய பாருங்கடி! பின்னாடி பாருங்கடி!”

அடுத்த நொடி அவர் வாயில் கையை வைத்துக் குலவை போட்டார். நிரை முழுதும் ஏற்றுக்கொண்டது. எதிர்மலையில் நின்றவர்களுக்குக் காரணம் தெரியாது, இருந்தும் அவர்களும் போட்டார்கள். நம் ஆட்களுக்கு ஒருத்தி குலவை போட்டால் போதும், எதற்கென்று கேட்பதற்கு நாக்கை மடக்க முடியாது. கீழே ரப்பர் காடுவரை அது போய்த் திரும்பி வந்தது.

முன்னால் போன அப்பா நின்றார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. குடையைத் தரையில் வைத்தார், நான் எடுத்துக்கொள்வதற்காக. வைத்துவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி லயத்துப் பக்கம் போய்விட்டார். பெற்ற மகளிடம் ‘என்னம்மா’ என்று ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்ட ஆம்பிள்ளை. ரப்பர் மரத்தைத் தடவித் தடவிப் பேசுவார்.

என்னை லயத்துக்கு இழுத்து வந்தார்கள். பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. பூமுடிச்சிலிருந்து குஞ்சங்களை உருவிக் காட்டினேன். பாதிச் சாயம் போய் வெளுத்திருந்தன.

“இது நூலு! நூலுச் சாயம்! பாருங்க!”

“வெக்கத்துல எல்லாக் குட்டியும் ஒண்ணு சொல்லும்,” என்றார் கங்காணியம்மா. “என் மவ பீட்ரூட்டுன்னா.”

“நெசமாத்தான் சொல்றேன்! புழிஞ்சு காட்டுறேன்!”

“ச்சீ, அத எல்லாரு முன்னாடியும் நீட்டாத. தீட்டுப் பட்டது.” என் கையிலிருந்து பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

என்னிடம் இருந்த ஒரே சாட்சி அது. அதையே தீட்டு என்று சொல்லி எரித்தார்கள். இதைவிடக் கெட்டிக்கார நீதிபதியை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

இன்னும் ஒரு சாட்சி பாக்கி என்று எனக்குத் தைரியம். மாமா வாசலில் வந்து நின்றார்.

“மாமாவ கேளுங்க! மாமாதானே வாங்கியாந்தாரு. சட்டைப் பையெல்லாம் செவப்பாச்சே. சாயம் போகும்னு நீங்கதானே சொன்னீங்க, மாமா?”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படியில், என்னிடமிருந்து கழற்றிய கவுனை மடியில் வைத்துக்கொண்டு, கறை பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலு பிள்ளை பெற்ற பெண்பிள்ளைக்கு எது இரத்தம், எது சாயம் என்று தெரியாதா?

அம்மா நிமிராமலே சொன்னார். “அண்ணே, அடுத்த வருசம் இவளுக்குக் குச்சு கட்ட யாரு இருக்கா?”

கங்காணியம்மாவும் சேர்ந்துகொண்டார். “நல்லாக் கேட்ட. அதோட, ரெண்டு மலையும் கேக்கக் குலவை போட்டாச்சு. போட்ட குலவைய வாயிக்குள்ள திருப்பி எடுத்துக்க முடியுமா? அம்மனுக்கு ஆகாது.”

மாமா, “நான் போயி ஓலை வெட்டியாறேன்,” என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

டவுனில் என் பெயரைப் பதியவேண்டிய நேரத்தில் என் மாமா எனக்குக் குடிசை கட்டக் கித்துல் ஓலை வெட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல குச்சுதான். அதையும் சொல்லிவிட வேண்டும். மானாப்புல் கூரை, கித்துல் ஓலைச் சுவர், ஒரு சொட்டு ஒழுகவில்லை. தாய்மாமன் பச்சை ஓலையில் கட்டித் தர வேண்டும், அதில் இருந்துதான் பெண் வெளியே வர வேண்டும் என்பது நமக்கு முறை. மாமாவுக்கு வேறு தங்கை இல்லை. கப்பலேறிவிட்டால் அவர் எந்தத் தங்கை மகளுக்கு எங்கே கட்டுவார்? நான் உள்ளே போகுமுன் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டே, “இந்தக் கையால ஒண்ணாவது கட்டிட்டுப் போறேன், கண்ணு,” என்றார்.

“நீங்க பொய் சொல்லிட்டீங்க, மாமா.”

“நான் எங்கடா சொன்னேன்? ஒண்ணுமே சொல்லலையே.”

இப்போது எனக்கு விளங்குகிறது. அவருக்குக் கட்டுவதற்கு ஒரு குச்சு வேண்டியிருந்தது, அம்மாவுக்கு அண்ணன் தோளில் சீர்த்தட்டு வருவதை ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது, எனக்குப் போவதற்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. மூன்றில் சின்னவளுடையதைத் தள்ளிவிட்டார்கள். விளங்குகிறது என்றதும் மன்னித்துவிட்டாள் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். ஆடு ஏன் இலையைத் தின்கிறது என்றும் எனக்கு விளங்கும், அதற்காக என் தோட்டத்தில் விடமாட்டேன்.

அன்று இரவு ஓலையை விலக்கி மாமாவின் கை உள்ளே வந்தது. மீதி இருந்த சிவப்பு நூல் எல்லாம் அந்தக் கையில். வைத்துவிட்டுப் போய்விட்டது. பேச அதற்கு வாயில்லை.

தண்ணீர் ஊற்றினார்கள், சீலை கட்டினார்கள், மாமா தட்டு சுமந்து வந்தார். அம்மாவை நான் அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாத்தியார் வந்து இரண்டுமுறை சாப்பிட்டார்.

“அப்ப டவுன் பள்ளிக்கூடம்?” என்று நானே அவரிடம் கேட்டேன்.

“பெரிய மனுசியாயிட்டியே, இனி எப்படி ரப்பர் காட்டு வழியா தனியா நடப்ப?” என்று பாயசத்தை உறிஞ்சினார். மண்டை இருக்கிறது என்று சொன்ன அதே வாய். மண்டை எங்கேயும் போகவில்லை. வழிதான் திடீரென்று என் காலுக்கு மட்டும் ஆபத்தாகிவிட்டது.

மாமா குடும்பத்தோடு லொறியில் ஏறினார். சட்டைப் பையில் அந்தக் கறை மங்கலாக அப்படியே இருந்தது. அத்தை எவ்வளவு துவைத்தும் போகவில்லையாம். பார்த்தீர்களா, போக வேண்டிய இடத்தில் போகாது. லொறி திரும்பும்வரை அம்மா கையாட்டினார். நான் ஆட்டவில்லை. அவர் போய்ச் சேர்ந்தாரா, எப்படிப் பிழைத்தார் என்று இன்றுவரை எங்களுக்குச் செய்தி இல்லை.

தை பிறந்ததும் கூடைக்கயிறு என் தலையில் ஏறியது. பக்கத்து லயத்துப் பையன்கள், என்னைவிட மண்டை குறைந்தவர்கள், டவுன் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டையில் இறங்கிப் போவதை மேல்நிரையிலிருந்து பார்ப்பேன். அவர்களில் ஒருவன்தான் இப்போது என் கடைக்கு முன்னால் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். “அக்கே, ஹயர் இருக்கா?” என்று கேட்பான். நல்ல பையன். படித்த பையன்.

நான் அந்த மீதி நூலை விடவில்லை. ஒரு பழைய பால்மா டின்னில் கல் உப்பும் தண்ணீரும் போட்டு, நூலை இறக்கிக் கொதிக்கவைத்தேன். தண்ணீர் இரத்தமாக வந்தது. கொட்டினேன். மறுபடி. மறுபடி. தண்ணீர் தெளியும்வரை, ஊற்றுநீர் விழும் பீலிக்கரையில் நின்று அலசினேன்.

“சாயத்த எல்லாம் ஊத்துறியே, பைத்தியமா?” என்று கங்காணியம்மா கேட்டார்.

“போறது போகட்டும். நிக்கிறது எனக்குப் போதும்,” என்றேன்.

நின்றது. கொஞ்சம் அடங்கிய சிவப்பு, செம்பரத்தை வாடியதுபோல. அந்த நூலில் கட்டிய குஞ்சம்தான் நான் காதில் போட்டது. பிறகு மலையில் ஒருத்தி கேட்டாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள், திருவிழாவுக்குக் கேட்டார்கள், கல்யாணத்துக்குக் கேட்டார்கள், சிங்களக் கிராமத்திலிருந்து நங்கிமார் நடந்து வந்து கேட்டார்கள். கடைசியில் கங்காணியம்மாவே மகளை அனுப்பினார். அவளுடைய கொழும்புக் குஞ்சம் முதல் மழையிலேயே கழுத்தைப் பச்சையாக்கிவிட்டதாம். கடை வந்த கதையை இன்னொரு இடத்தில் விளக்கேற்றக் கூப்பிடும்போது சொல்கிறேன். இன்றும் என் கடைக்குள் நூல் வந்தால் ஈரத் துணியில் தேய்க்காமல் தட்டில் ஏற்றமாட்டேன். கொண்டுவருகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை, துணியைத்தான் பார்ப்பேன்.

இனி, அந்தக் கவுன்.

அடுத்த வருசத்து மழைக்காலத்தில், ஒரு விடியற்காலை, உண்மையாகவே அது நடந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா எழுந்து கதவைச் சாத்தினார்.

“சத்தம் போடாத. ஊருக்கு நீ எப்பவோ ஆளாயிட்ட. ரெண்டாவது தடவன்னா சிரிப்பானுங்க.”

“அப்ப அன்னைக்கு நடந்தது என்னாம்மா?”

அம்மா பெட்டியைத் திறந்து அடியிலிருந்து அந்த வெள்ளைக் கவுனை எடுத்தார். பின்பக்கம் ரோஜா நிறத்தில் ஒரு நிழல். இவ்வளவு நாளும் மடித்து வைத்திருந்தார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. தையலில் பல்லை வைத்து ஒரே இழுப்பில் கிழித்தார். துண்டு துண்டாகக் கிழித்து, மடித்து, என் கையில் வைத்தார்.

“பெரட்டுக்கு நேரமாச்சு, பேரு குடுக்கணும். போ.”

குச்சு இல்லை, மஞ்சள் இல்லை, தட்டு இல்லை. மாமா கடலுக்கு அந்தப் பக்கம். நான் தலையை வாரி, கூடைக்கயிற்றை மாட்டி, மற்றவர்களோடு மலையேறினேன். பள்ளிக்கூடத்துக்கென்று தைத்த துணி அந்த மழையில் என்னோடு கொழுந்து எடுக்க வந்தது.

கங்காணியம்மா பக்கத்து நிரையில்தான் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“மழை,” என்றேன்.

யாரும் குலவை போடவில்லை. இரண்டு மலையும் தலையைக் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தன. என் காதில் சிவப்புக் குஞ்சம் ஊறிக் கனத்துத் தோளில் இடித்தது. உச்சிக்குச் சங்கு ஊதும்வரை கொட்டியது மழை. என் தோளில் ஒரு சொட்டுச் சிவப்பு இறங்கவில்லை.